“மெடிக்கல்ல விக்கிற மாத்திரைதானே டாக்டர்?”

பையனைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். “கஞ்சாவெல்லாம் கிடையாதுங்க டாக்டர். வலி மாத்திரைதான். மெடிக்கல்ல விக்கிறதுதான்.” சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பக்கத்தில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் பையனின் கையை மடித்துப் பார்த்தால், முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு போலத் தடித்துக் கறுத்திருக்கும். அந்த மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொண்ட அடையாளம் அது. இந்த நிம்மதியை உடைக்காமல் வேறெதுவும் பேச முடியாது என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

“போதைக்காக விற்கப்பட்ட வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்” என்று செய்தித்தாளில் வருகிறதே, அது பெரும்பாலும் டபென்டடால். தலைவலிக்குப் போடும் பாராசிட்டமாலும் இதுவும் ‘வலி மாத்திரை’ என்ற ஒரே பேரில் புழங்குவதுதான் முதல் கோளாறு. டபென்டடால் ஓபியாய்டு வகை மருந்து. மார்ஃபினும் ஹெராயினும் மூளையில் எங்கே வேலை செய்கின்றனவோ, இதுவும் அங்கேதான் வேலை செய்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலி, சர்க்கரை நோயில் வரும் நரம்பு வலி போன்றவற்றுக்கு இது நல்ல மருந்து. அதை மறுக்கவில்லை. இதே வகையைச் சேர்ந்த டிரமடால் 2018-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு கெடுபிடி அதிகமானது. அது விட்ட இடத்தை டபென்டடால் பிடித்துக்கொண்டது.

“அட்டையில் கம்பெனி பேர் இருக்கு, எக்ஸ்பயரி தேதி இருக்கு, அப்புறம் என்ன?” என்று பையன்களும் கேட்கிறார்கள். தம்பி, அந்த மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது வாய் வழியாக விழுங்குவதற்கு. ஊசியில் ஏற்றுவதற்கு அல்ல. 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைத் தராசில் வைத்தால் அதைவிடப் பல மடங்கு எடை காட்டும். மிச்சம் என்ன? ஸ்டார்ச், மரநாரிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் தூள், டால்க், மெக்னீசியம் ஸ்டியரேட், மேலே பூசிய வண்ணப் பூச்சு. டால்க் என்றால் முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே கல் தூள்தான். வயிற்றுக்குள் போனால் இவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை, செரித்துவிடும் அல்லது மலத்தோடு வெளியேறிவிடும். ரத்தக் குழாய்க்கு வெளியேற்றும் வழி கிடையாது.

கை நரம்பில் ஏற்றியது நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் நுண்குழாய்களில் ஒரு ரத்த அணு நுழைவதே நெருக்கடிதான். செல்லுலோஸ் துகளும் டால்க் துகளும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். உடம்பு அவற்றைக் கரைக்கப் பார்த்து, முடியாமல், சுற்றிலும் தழும்பு கட்டிவிடும். ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படி அடைத்தால் நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்தின் வலப்பக்கம் வீங்கும். இருபது வயதில் இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். “பஞ்சு வெச்சு வடிகட்டித்தான் போடுறோம்” என்பார்கள். அந்தப் பஞ்சில் நிற்காத அளவு பொடிந்த துகள்தான் நுரையீரல் வரை போகிறது. தண்ணீர் தெளிவாகத் தெரிவதால் எல்லாம் கரைந்துவிட்டது என்று ஆகாது. ஒருமுறை படிந்த டால்க்கை வெளியே எடுக்க எங்களிடம் மருந்து இல்லை.

ஊசி குறி தவறி, கைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியில் இறங்கிவிட்டால் விளைவு சில நொடிகளில் தெரியும். கை முழுக்கத் தீயாய் எரியும். விரல்கள் வெளுக்கும், பிறகு நீலமாகும், பிறகு கறுக்கும். எண்ணெய் தேய்க்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். உடனே ரத்தநாள சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவர்கள் விரலை இழக்கிறார்கள்.

இன்னொன்று, காய்ச்சல். ஊசி போடும் பையனுக்குக் குளிரும் காய்ச்சலும் இரண்டு நாளைத் தாண்டினால் அதை டைபாய்டு, டெங்கு என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி ஊசியோடு உள்ளே போய் இதய வால்வில் கூடு கட்டும், பெரும்பாலும் வலப்பக்க வால்வில். அங்கிருந்து சீழ்த் துணுக்குகள் நுரையீரலுக்குத் தெறிக்கும். இருமல், நெஞ்சுவலி, எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக நிழல் என்று வந்தால், ஊசி விஷயம் தெரியாத மருத்துவருக்கு முதலில் டிபிதான் நினைவுக்கு வரும். அதனால் ஊசி போட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் பெற்றோரை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். (இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: இளைஞர், விடாத காய்ச்சல் என்றால் சட்டைக் கையை மடித்துப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுங்கள், எக்கோ பாருங்கள்.) இந்த வால்வு நோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை போகும், நரம்பு வழி மருந்தோடு.

“ஊசி ஆளுக்கு ஒண்ணு சார், மாத்திக்கவே மாட்டோம்” என்பது அடுத்த சமாதானம். ஆனால் எல்லாருக்கும் மாத்திரை கரைத்த மூடி ஒன்று, தண்ணீர் ஒன்று, பஞ்சு ஒன்று. ஹெபடைட்டிஸ் சி பரவ இது போதும். மஞ்சள் காமாலைகூடத் தெரியாமல் வருடக்கணக்கில் கல்லீரலை அரிக்கும் நோய் அது. நல்ல செய்தியும் உண்டு. மாத்திரை மட்டுமே சாப்பிட்டு, பெரும்பாலானோருக்கு 12 வாரத்தில் குணமாகிறது. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனையும் அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம், ரகசியம். ஒருமுறை ஊசி பகிர்ந்திருந்தாலும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாயில் போட்டால் மட்டும் பத்திரமா? இல்லை. ஓபியாய்டு ஆளைக் கொல்வது மூச்சை நிறுத்தித்தான். மதுவோடோ, நைட்ரஜெபம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளோடோ சேர்ந்தால், தனித்தனியாகத் தாங்கிய அளவேகூட மூச்சை நிறுத்திவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தான்.” அது குறட்டை அல்ல. நாக்கு பின்னால் சரிந்து, தொண்டை பாதி அடைத்து, கடைசி மூச்சுகள் போராடும் சத்தம். தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லையென்றால் நடு நெஞ்செலும்பில் முஷ்டியின் கணுவை வைத்து அழுத்தித் தேயுங்கள். அதற்கும் அசைவில்லை, நிமிடத்துக்கு எட்டு பத்து மூச்சுக்கும் குறைவு, உதடு நீலம், கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கூட இருக்கும் நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிட்டு ஓடாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன போட்டான், எத்தனை போட்டான், எப்போது போட்டான் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவமனையில் ‘ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்’ என்ற பதிவேட்டில் பதிவார்கள், போலீசுக்குத் தகவல் போகலாம். அது நடைமுறை. அதற்குப் பயந்து தெருமுனையில் நின்று யோசிக்கும் ஐந்து நிமிடத்தில் ஆக்சிஜன் இல்லாத மூளை சாகத் தொடங்கிவிடும். மருத்துவமனையில் நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. போட்ட சில நிமிடங்களில் ஆள் கண் விழிப்பான். உடனே “சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறோம்” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும். மாத்திரை அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். வீட்டில் போய் மறுபடி மூச்சு நிற்கும்.

பெற்றோருக்கு. ஆன்லைனில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வாங்கி, ‘நெகட்டிவ்’ என்று வந்ததைக் காட்டி மகிழ்கிறீர்கள். அந்தக் கிட்களில் ‘ஓபியேட்’ பட்டை தேடுவது மார்ஃபின், கோடீன் வகையை. செயற்கையாகத் தயாராகும் டபென்டடாலும் டிரமடாலும் அதில் பொதுவாகத் தெரியாது. கிட்டை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். கஞ்சா கண்ணைச் சிவக்க வைக்கும். இது இருட்டு அறையிலும் கண்மணியைச் சுருக்கியே வைத்திருக்கும். மூக்கையும் முகத்தையும் சொறிந்துகொண்டே இருப்பது, உட்கார்ந்தபடி தலை தொங்கி விழுவது, நாள்கணக்கில் மலச்சிக்கல், சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை இவற்றையும் கவனியுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளியே இல்லாதபோது குப்பையில் சிவப்பு மூடி போட்ட இன்சுலின் ஊசி கிடந்தால் அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

தெரிந்ததும் நீங்கள் செய்வது என்ன? அறையில் போட்டுப் பூட்டுவது. கடைசி மாத்திரைக்குப் பிறகு எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி, கால் குடைச்சல், தூக்கமே இல்லாத இரவு. ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பயங்கரமாகத் தெரிந்தாலும், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால், இந்தக் கட்டம் பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் பையன் கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ தினமும் எடுத்திருந்தால் கதை வேறு. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும், உயிரும் போகலாம். எதெது எடுத்தான் என்று முழுதாகத் தெரியாமல் வீட்டுக்குள் வைத்து நிறுத்தாதீர்கள்.

பூட்டிவைத்து நிறுத்துவதில் உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்து நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆசை இறங்காது. பழைய நண்பனைப் பார்க்கிறான், பழைய அளவையே போடுகிறான். நேற்றுவரை தாங்கிய அந்த அளவு இன்று அவன் மூச்சை நிறுத்திவிடும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

இதற்காகத்தான் புப்ரினார்ஃபின் தருகிறோம், நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரை. உடனே, “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்கிறீர்கள். புப்ரினார்ஃபினும் ஓபியாய்டுதான், ஆனால் ஓரளவுக்கு மேல் மூச்சை அமுக்குவதில்லை, நாள் முழுக்க ஆசையை அடக்கி வைக்கிறது. பையன் வேலைக்குப் போகிறான், ஊசியை விடுகிறான். மருத்துவர் நேரடிக் கண்காணிப்பில், உதறல் (மாத்திரையை நிறுத்தியதும் வரும், மேலே சொன்ன அந்த அவதி) தொடங்கிய பிறகே முதல் வேளையைத் தர வேண்டும். முந்தினால் அந்த மருந்தே உதறலைக் கிளப்பிவிடும். பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். பத்தே நாளில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். நால்ட்ரெக்சோன் என்ற வேறு மாத்திரையும் உண்டு. அதை, ஓபியாய்டு நிறுத்திக் குறைந்தது 7 முதல் 10 நாள் கழித்தே தொடங்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று அதைச் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மையத்தில் சேர்ப்பதென்றால் கட்டடத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, பெற்றோர் வந்து பார்க்கலாமா, அரசுப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தையும் உள்ளடக்கியதுதான். சங்கிலியில் கட்டுவதை அது தடை செய்கிறது. “ஒரு மாசம் பார்க்க வரக்கூடாது” என்றால் வேறு இடம் தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் செலவில்லாமல் பார்க்கலாம். எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் 14446-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.

மருந்துக்கடை நடத்தும் நண்பர்களே, ஒரே சீட்டை மாதக்கணக்கில் நான்கு கடையில் காட்டுவது உங்களுக்கே தெரியும். கொடுத்த எண்ணிக்கையையும் தேதியையும் சீட்டிலேயே எழுதி முத்திரை குத்துங்கள். அது பத்து விநாடி வேலை. சீட்டு எழுதும் மருத்துவர்கள் எண்ணிக்கையை எழுத்தால் எழுதுங்கள். 5-க்குப் பின்னால் ஒரு சுழி போட எந்தப் பேனாவும் போதும். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் மாத்திரை போதுமென்றால் மூன்று நாளுக்கே எழுதுங்கள். பாட்டிக்கு எழுதி மிஞ்சிய அட்டையை அலமாரி மேல் விட்டுவைக்காமல் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், பேரன் கையில் முதலில் கிடைப்பது பல வீடுகளில் அந்த அட்டைதான்.