சுருங்க மறுக்கும் மண்ணும் நீரும்: 1/35 டாங்கிக்கு வயதேற்றுவது எப்படி?

1/35 அளவுப் பிளாஸ்டிக் மாதிரி டாங்கியை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் பார்ப்பவர், கணக்குப்படி, உண்மையான டாங்கியைப் பத்தரை மீற்றர் தள்ளி நின்று பார்க்கிறார். 3.27 மீற்றர் அகலமான டி-55 இந்த அளவில் 93 மில்லிமீற்றருக்கு வந்துவிடும். தகடு, சக்கரம், பீரங்கிக் குழல் எல்லாம் சொன்னபடி கேட்டுச் சுருங்கும். மணல்மணி சுருங்காது, நீர்த்துளியும் சுருங்காது. பெயின்ட்டின் தடிப்பு ஓரளவுக்குக் கீழே இறங்காது. அறை விளக்கு எவ்வளவு எரிந்தாலும் நண்பகல் வெயிலாகாது. துரு, சேறு, தூசு என்று மாதிரி டாங்கிக்கு வயதேற்றும் வேலை முழுக்க இந்த நான்கையும் ஏய்ப்பதில்தான் இருக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்து செய்பவர் ஐந்தாவதாக ஒன்றையும் சமாளிக்க வேண்டும். அது காற்று.

இங்கே உதாரணத்துக்கு டி-55 ஐ எடுக்கிறோம். சோவியத் வடிவமைப்பான இது உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட டாங்கி வரிசையைச் சேர்ந்தது. 1990களில் இலங்கை இராணுவத்துக்கும் வந்தது. இப்படியான வாகனம் வரும்போது வீதியோரம் ஒதுங்கி நின்ற ஊர்களில், அதை மேசையில் வைத்து ரசிப்பது எல்லோருக்கும் இலகுவல்ல. வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் அதில் நியாயமுண்டு. கீழே சொல்லும் முறைகள் உழவு மெஷினுக்கும் லொறிக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் கட்டும் வேலை. பாகங்கள் இருக்கும் சட்டங்களை, ஒரு துளி சவர்க்காரம் விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தை வெட்டும்போது கட்டரை அதனோடு ஒட்டி வைக்கக் கூடாது. 1 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, மிச்சத்தைப் பிளேட்டால் சீவி, 400 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரிலும் பிறகு 800 இலும் தேய்த்தால் பிளாஸ்டிக் வெளுத்துப் பள்ளம் விழாது.

கிட் எனப்படும் பாகத் தொகுதி செய்யப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன். அதற்கான மெல்லிய பசையில் பிசின் ஏதும் கிடையாது; அசிற்றோன், பியூட்டைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்கள்தான். இரண்டு பாகங்களையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் மூட்டைத் தொட்டால், மயிர்த்துளைத் தாக்கத்தால் அது மூட்டு நெடுக ஓடிவிடும். இரு முகங்களும் இளகி, நீண்ட மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் பறந்ததும் ஒரே துண்டாகும். தவறி மேலே பட்ட பசையைத் துடைக்கப் போனால் விரலடையாளம்தான் மிஞ்சும். தானாகக் காயவிட்டுப் பிறகு தேய்ப்பது மேல். குழலின் இரண்டு பாதிகள் சேரும் மூட்டை 24 மணிநேரம் தொடக் கூடாது. உள்ளே நிற்கும் கரைப்பான் மெல்ல வெளியேறும்போது மூட்டு சற்றுத் தாழும்; அவசரப்பட்டுத் தேய்த்து மட்டமாக்கியிருந்தால், பெயின்ட் அடித்து ஒரு வாரத்தில் அந்தக் கோடு மறுபடி தலைகாட்டும்.

பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்குச் சுப்பர் குளூ வேண்டும். அது ஈரத்தைக் கண்டு இறுகும் பசை. ஆகவே எங்கள் பக்கத்தில் அது கெதியாக இறுகும், போத்தலுக்குள்ளும் கெதியாகக் கட்டியாகும். ஈரக்காற்றில் அதன் ஆவி பாகத்தைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் போலப் படியும். சிறு விசிறியை விலகி வைத்து ஆவியைக் கலைத்தால் குறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த போத்தலுக்குள் நீராவி ஒடுங்கிவிடும். ஒரு மணிநேரம் பொறுங்கள்.

டி-55 இன் இரு பக்கங்களிலும் ஐந்தைந்து பெரிய சக்கரங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி கூட. இந்த வரிசை டாங்கியைத் தூரத்திலேயே அடையாளம் காட்டுவது அதுதான். சக்கரத் தண்டுகளை ஒட்டி, பசை இளகியிருக்கும்போதே டாங்கியைக் கண்ணாடித் துண்டொன்றில் நிறுத்தி, பத்துச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒன்று அந்தரத்தில் நின்றால் 36 தொன் பாரமுள்ள வாகனம் என்று யாரும் நம்பமாட்டார்கள். பல வகை டாங்கிகளில் சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கச் சிறு உருளைகள் இருக்கும், இதில் இல்லை. அதனால் சங்கிலி தன் பாரத்தாலேயே தொய்ந்து சக்கரங்களின் முதுகில் படுத்திருக்கும். தனிக் கண்ணிகளாக வரும் கிட் என்றால், பக்கத்துக்கு ஏறத்தாழ 90 கண்ணிகளை வரிசையாக ஒட்டி, அரை மணிநேரத்தில் பசை பாதி இறுகியதும் சக்கரத்தைச் சுற்றிப் போட்டு, மேலே ஸ்பொஞ்ச் துண்டுகளைச் செருகித் தொய்வை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மென்வைனல் சங்கிலியானால், அதிலுள்ள இளக்கிகள் காலப்போக்கில் கசிந்து பொலிஸ்டைரீன் சக்கரங்களை அரித்துவிடக்கூடும், வெக்கையில் இன்னும் விரைவாக. சக்கரத்துக்கு முழுமையாகப் பெயின்ட் அடித்த பிறகே அதைப் போடுங்கள்.

சுழல் கோபுரம் உருக்கு வார்ப்பு, உடல் உருட்டிய தகடு. கோபுரத்துக்கு மட்டும், தின்னரில் இளக்கிய புட்டியை மொட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி வைத்து, காய்ந்ததும் இலேசாகத் தேய்த்தால் வார்ப்பின் சொரசொரப்பு வரும். விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குச் சற்றே தெரிந்தால் போதும்.

இனிப் பெயின்ட். 50 மைக்ரோன் தடிப்பான பூச்சை 35 ஆல் பெருக்கினால் 1.75 மில்லிமீற்றர், அப்படித் தடித்த பெயின்ட் எந்த டாங்கியிலும் இருக்காது. அதனால்தான் காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் எயார்பிரஷ். 0.3 மில்லிமீற்றர் மூக்கு, 1 முதல் 1.2 பார் வரை அழுத்தம், 10 சென்ரிமீற்றர் தூரம், பெயின்ட் பசும்பால் பதம். ஒரே தடவையில் மூடாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சு.

காற்றின் சேட்டை இங்கேதான் தொடங்குகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் விரைவாகக் காயும் லக்கர் பெயின்ட்டோ பளபளப்பு வார்னிஷோ அடித்தால் மேற்பரப்பு பால்நிறமாக வெளுக்கும். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஏற்கனவே நிறைந்திருக்கும் நீராவி அதன்மேல் ஒடுங்குகிறது. நீர் பட்ட இடத்தில் பிசின் திரைந்து நுண்துளைகளாகிறது. அந்தத் துளைகள் ஒளியைச் சிதறடிப்பதைத்தான் வெள்ளையாகக் காண்கிறோம். மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மெல்லிதாக மேலே அடித்தால் படலம் மீண்டும் இளகிப் பல சமயம் தெளிந்துவிடும். ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் நின்றால் அன்றைக்கு லக்கரைத் தொடாமல் கண்ணிகளை ஒட்டும் வேலையைப் பார்க்கலாம்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் எல்லாம் தலைகீழ். மலைநாட்டைக் கடந்து இறங்கும் தென்மேல் காற்று, இறங்கும்போதே சூடேறி உலர்ந்துதான் எங்களிடம் வருகிறது. பெயின்ட் துளி டாங்கியைத் தொடுமுன் பாதி காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் போலாகும்; ஊசி முனையிலும் பெயின்ட் இறுகும். பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளி சேர்த்து, தூரத்தை 6, 7 சென்ரிமீற்றராகக் குறைத்து, விடியற்காலையில் அடிப்பதே வழி. தூசு வேறு பறக்கும் என்பதால் யன்னலைச் சாத்தத்தான் வேண்டும். ஆனால் லக்கர் ஆவியோடு மூடிய அறைக்குள் இருக்கக் கூடாது: கரைப்பான் ஆவிக்கான முகமூடி அணியுங்கள், குழாய் வைத்த விசிறியால் ஆவியை வெளியே தள்ளுங்கள்.

சிறிய மாதிரிக்கு நிறத்தை வெளிறவைக்க வேண்டும் என்பது பழைய விதி. தூரத்துப் பொருள் காற்றின் மங்கலால் வெளிறித் தெரிவதைக் காரணமாகச் சொல்வார்கள். பத்தரை மீற்றரில் என்ன மங்கல்? மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் பத்து மீற்றர் தள்ளிப் போகும் ஓட்டோவின் நிறம் மாறுவதில்லை. காரணம் வெளிச்சத்தில் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். வெளியே நண்பகலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டு அறையில் சில நூறு. வெயிலில் பச்சையாக இருந்தது மேசையில் கறுப்பாகத் தோன்றும். ஆகவே கடும்பச்சையில் 10 முதல் 20 வீதம் வரை மஞ்சள் சாய்ந்த மண்ணிறம் கலந்து, கடைசியில் மாதிரி நிற்கப்போகும் அலுமாரி வெளிச்சத்திலேயே சரிபாருங்கள். வெள்ளை கலந்தால் பச்சை சுண்ணாம்புச் சாயலாகிவிடும்.

உரிந்த பெயின்ட்டுக்கு ஹெயார் ஸ்பிரே முறையை மிஞ்சியது இல்லை. கீழே துரு நிற லக்கர். அது முழுதாகக் காய்ந்ததும் ஹெயார் ஸ்பிரே இரண்டு மெல்லிய பூச்சு. 20 நிமிடத்தில் அதன்மேல் அக்ரிலிக் பச்சை, நீரால் இளக்கியது. ஒரு மணிநேரத்துக்குள் வெதுவெதுப்பான நீரால் நனைத்து மொட்டைத் தூரிகையால் தேய்த்தால், நீர் அக்ரிலிக்கின் நுண்துளைகளால் இறங்கி, அடியிலுள்ள நீரில் கரையும் படலத்தை இளக்கி, மேற்பெயின்ட்டைச் சிறு சிறு துணுக்குகளாக விடுவிக்கும். பச்சை தடித்துவிட்டால் துணுக்காக வராமல் தோலாக உரியும். அடுத்த நாள்வரை விட்டால் அசையாது. கச்சானில் அதற்கு முன்பே இறுகிவிடும். எங்கே உரிக்கிறோம் என்பதும் முக்கியம்: கதவு விளிம்பு, வீரர் கால்வைத்து ஏறும் இடம், கருவிப் பெட்டி மூடி. 1 மில்லிமீற்றர் உரிவு நிஜத்தில் 35 மில்லிமீற்றர் என்பதை மறந்துதான் பலர் டாங்கிக்குச் சொறி பிடிக்கவைக்கிறார்கள்.

துருவிலும் இதே மிகைதான். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் கவசம் மேலோட்டமாகவே துருப்பிடிக்கும். எம்-113 போன்ற கவச வாகனத்தின் உடல் அலுமினியம், அதில் செந்துரு வைப்பது பிழை. டி-55 இல் துருவுக்கு உரிய இடம் இடது மட்காட்டின் புகைபோக்கி. வெப்பத்தில் அங்கே பெயின்ட் நிற்பதில்லை. புதுத் துரு செம்மஞ்சள், பழையது கருங்கபிலம். கருமையை முதலில் வைத்து, செம்மஞ்சளைச் சிறு புள்ளிகளாக மட்டும் மேலே வைக்கவேண்டும். வலது மட்காட்டில் தட்டையான டீசல் தாங்கிகள். மூடியைச் சுற்றி வழிந்த டீசல் கருமையாக, அரைப் பளபளப்பாக இருக்கும். தூசு அங்கே ஒட்டித் தடிக்கும். சங்கிலியில் சக்கரம் உருளும் உள்முகம் தேய்ந்து மின்னும்: 6பி பென்சில் தூளை விரலால் தேய்த்தால் போதும்.

மூட்டுகளில் நிழல் இறக்கும் நீர்த்த கலவையான வொஷுக்கு, ஒயில் பெயின்ட்டைக் கடதாசி மட்டையில் ஒரு மணிநேரம் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டு, ஒன்றுக்குப் பத்து என்று வைட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் கரையுங்கள். அடியில் பளபளப்பு வார்னிஷ் இருந்தால் அது மூட்டு வழியே ஓடும்; மட்டான பரப்பில் நாற்புறமும் ஊறிக் கறையாகும். அதிகம் உடைவது இந்தக் கட்டத்தில்தான். இறுக்கமாகப் பொருத்திய சக்கரத் தண்டில் விசை தேங்கியிருக்கும். பெயின்ட் படாத உட்புறத்தில் வைட் ஸ்பிரிட் குளமாக நின்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெடித்து, தண்டு சத்தமில்லாமல் முறியும். அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பிடித்தும் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். வொஷைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

மழை வழிந்த தடத்தை நீரைக்கொண்டு உண்டாக்க முடியாது. மேற்பரப்பு இழுவிசை நீரை மில்லிமீற்றர் கணக்கான துளியாகத் திரட்டும்; 35 மடங்கில் அது பந்து. வைட் ஸ்பிரிட்டின் இழுவிசை நீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஆகவே ஒயில் பெயின்ட்டை ஊசிமுனைப் புள்ளியாக வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுவை. சேற்றுத் தெறிப்பையும் வைட் ஸ்பிரிட்டில் இளகும் எனாமல் பெயின்ட்டில்தான் தெறிக்கவைக்க வேண்டும்.

சேறு எங்கே, எப்படி ஒட்டும் என்பதைப் படுவான்கரை வயலிலிருந்து தார் றோட்டுக்கு ஏறும் உழவு மெஷினில் பார்த்துக்கொள்ளலாம். சில்லின் உட்பக்கத்திலும் மட்காட்டின் அடியிலும் தடித்த அடுக்கு. ஓரம் காய்ந்து வெளிறி வெடித்திருக்கும், நடு இன்னும் கருமையாக ஈரமாக இருக்கும். ஈரமண் கருமையாவதற்குக் காரணம், மணிகளுக்கிடையே காற்றிருந்த இடத்தில் நீர் புகுவது. ஒளி திரும்பி வெளியே சிதறாமல் உள்ளேயே மேலும் பலமுறை பட்டு உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஈரச் சேற்றுக்கு வார்னிஷ் மட்டும் போதாது, நிறத்தையும் கடுமையாக்க வேண்டும்.

சொந்த மண்ணைப் பாவிப்பதில் ஒரு சுகம் உண்டுதான். ஆனால் அரை மில்லிமீற்றர் மணல்மணி இந்த அளவில் பதினேழரை மில்லிமீற்றர் சல்லிக்கல். வயற்களியைக் காயவைத்து இடித்து, பழைய நைலோன் காலுறையால் சலித்து, 120 பாகை செல்சியஸில் அரை மணிநேரம் சூடாக்கினால் பூஞ்சணம் வராது. கல்லடிக் கரை மணல் என்றால் மூன்று முறை நன்னீரில் அலச வேண்டும். உப்பு 75 வீத ஈரப்பதனுக்கு மேலே தானாகக் கசியத் தொடங்கும், எங்கள் இரவுகளில் அது சாதாரணம். சலித்த மண் இரண்டு பங்கு, பிளாஸ்டர் ஒப் பரிஸ் ஒரு பங்கு, களிப் பதத்துக்கு மட்டான (பளபளப்பில்லாத) நிறமற்ற அக்ரிலிக் ஊடகம். வெளிறிய கலவையைப் பரவலாக முதலில் வைத்து, காய்ந்த பிறகு கருமையானதைக் குறைந்த இடத்தில் வையுங்கள். தூசுக்காகத் தூவும் நிறப்பொடி, அதைப் பிடிக்கவைக்கும் திரவம் பட்டதும் நிறம் இருண்டு, காய்ந்தாலும் முழுதாகத் திரும்பாது. தேவையானதைவிட வெளிறிய பொடியையே எடுங்கள்.

முடிந்த மாதிரியை வெயில் படாத கண்ணாடிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாரி காலத்தில் ஒயில் பெயின்ட்டிலும் மண் கலவையிலும் வெண்பூஞ்சணம் பிடிக்கும். பையிலுள்ள நீல மணிகள் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பானதும் 120 பாகையில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். சமையல் சட்டியில் மட்டும் வறுக்க வேண்டாம்: அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு.