சீக்வெஸ்ட்ரேஷன்: கடலில் கார்பன் முடக்கம்

சீக்வெஸ்ட்ரேஷன் என்னும் சொல் காலநிலை அறிவியலுக்கு வருமுன் சட்டத்துறையில் வழங்கிவந்தது. இருவர் உரிமை கோரும் பொருளை வழக்கு முடியும்வரை தம்மிடம் வைத்துக் காக்கும் பொது ஆளை இலத்தீனில் ‘செக்வெஸ்டர்’ என்றனர். பின்னர் அது, சொத்தை உரியவர் கைக்கு எட்டாதபடி நிறுத்திவைப்பதையும், வேதியியலில் உலோக அயனிகளைப் பிணைத்துச் செயலற்றவையாக்குவதையும் குறிக்கலாயிற்று. ஆலைகளில் பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்சைடைக் காற்றுக்குத் திரும்பவிடாமல் வைப்பது என்பது இன்றைய பொருள்.

தமிழில் ‘கார்பன் சேமிப்பு’ என்று எழுதுகிறோம். சேமிப்பு, பின்னர் எடுத்துப் பயன்படுத்தும் நோக்கோடு வைப்பது. இங்கே எடுக்கவே கூடாது என்பதுதான் நோக்கம். ‘சொத்து முடக்கம்’ நாளேடுகள் பழக்கிய சொல்லாட்சி. அதனையொட்டிக் ‘கார்பன் முடக்கம்’ என்பதே மூலத்தின் சட்டச் சாயலையும் காக்கிறது. பெருந்தொற்றுக் காலப் ‘பொது முடக்க’ நினைவு குறுக்கிடுமென்றாலும் பொருள் மயங்காது.

ஆனால் ‘கடலில்’ என்று மட்டும் சொல்வது போதாது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1977இல் முன்மொழிந்தது கடல்நீரிலேயே கலப்பதைத்தான்: ஜிப்ரால்டர் நீரிணை வழியே வெளியேறி அட்லாண்டிக்கில் அமிழும் அடர்ந்த மத்தியதரைக் கடல்நீரில் வாயுவைச் செலுத்தினால், அந்நீரோட்டமே அதை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பது அவர் கணிப்பு. சுமார் 3000 மீட்டர் ஆழத்துக்குக் கீழே திரவக் கார்பன் டை ஆக்சைடு கடல்நீரைவிட அடர்த்தி மிக்கதாகித் தானே அமிழும் என்பதால், கடல்தரையில் அதை ஏரியாகத் தேக்கலாம் என்ற கருத்தும் இருந்தது. எனினும் அது நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி ஆழ்கடல் உயிர்களைத் தாக்கும். பல நூற்றாண்டுகளில் நீர்ச்சுழற்சியால் அதன் ஒரு பகுதி மேலே வந்து காற்றில் கலக்கும். கண்டிப்பாகப் பார்த்தால் இது முடக்கமன்று, தவணை கேட்பது. ஹவாயின் கோனா கடற்பகுதியில் திட்டமிட்ட சோதனை உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் நடந்துவந்தது வேறு வகை. அங்கே எரிவாயுவிலிருந்து பிரித்த கார்பன் டை ஆக்சைடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் அளவில், வடகடலின் அடித்தரைக்கும் கீழே உள்ள ‘உட்சிரா’ மணற்பாறையில் செலுத்தப்பட்டது. மேலிருக்கும் களிப்பாறை அதைக் கசியவிடாமல் மூடி நிற்கிறது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறையின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் கார்பன் டை ஆக்சைடுக்கு இவ்வகையை மட்டுமே அனுமதித்தது.

ஆகவே முன்னதை ‘ஆழ்கடல்நீர்க் கலப்பு’ என்றும், பின்னதை ‘கடலடிப் பாறைக் கார்பன் முடக்கம்’ என்றும் பிரித்து வழங்குதல் தகும். கார்பன் டை ஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்று எழுதும் இலங்கை வழக்கில் பின்னது ‘கடலடிப் பாறைக் காபன் முடக்கம்’ ஆகும்.