சுவிட்சுக்குள் இரண்டு எஜமானர்கள்

2024 ஜூலை 1-ஆம் தேதி சிஸ்கோ நிறுவனம், வலைப்பின்னலில் கணினிகளை இணைக்கும் தன் நெக்சஸ் வகை சுவிட்சுகளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2024-20399. தீவிர அளவுகோலில் 10-க்கு 6.0, அதாவது நடுத்தரம். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் சுவிட்சின் நிர்வாகி கடவுச்சொல் முன்பே கையில் இருக்க வேண்டும். நிர்வாகியாகவே உள்ளே வந்துவிட்டவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். சீனத் தொடர்புள்ளதாகக் கருதப்படும் 'வெல்வெட் ஆன்ட்' என்ற உளவுக் குழுவின் வேலை அது. கண்டுபிடித்துச் சொன்னது சிக்னியா என்ற பாதுகாப்பு நிறுவனம்.

நிர்வாகி ஆன பிறகும் அவர்களுக்குப் போதவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் சுவிட்சைத் திறந்து பார்க்க வேண்டும்.

சுவிட்சின் அன்றாட உழைப்பைச் செய்வது அதற்கென்றே வடித்த சில்லு. வரும் ஃபிரேமின் (தரவுத் துண்டின்) முகவரியைப் பார்த்து, அட்டவணையில் தேடி, உரிய போர்ட் (கேபிள் செருகும் துளை) வழியே தள்ளிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது. யார் நிர்வாகி, யார் அந்நியர் என்ற கேள்வியெல்லாம் அதற்குக் கிடையாது. அந்தக் கேள்வி எழும் இடம் பக்கத்தில் இருக்கும் சாதாரணச் செயலி. உள்நுழைவுத் திரை, கட்டளை வரி, வலைப்பக்கம், கண்காணிப்பு நெறிமுறைகள் எல்லாம் ஓடுவது அதில்தான். சில்லின் அட்டவணையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்வதும் அதுவே. ஆகவே அந்தச் செயலியைப் பிடித்தவர் கையில் போக்குவரத்து முழுவதும் வந்துவிடும்.

சுவிட்சை இயக்கிய பழைய சிஸ்கோ ஐஓஎஸ் மென்பொருளில் எல்லா வேலைகளும் ஒரே நினைவகத்தில், நடுவே சுவர் எதுவும் இல்லாமல் ஓடின. அதிகாரத்துக்கு 0 முதல் 15 வரை படிகள் உண்டு. 1-இல் இருப்பவர் நிலவரத்தை எட்டிப் பார்க்கலாம். 'எனேபிள்' என்று தட்டி இன்னொரு கடவுச்சொல்லும் கொடுத்தால் 15-க்குப் போய்விடலாம்; அதற்கு மேல் படி இல்லை. வலைப்பின்னல் படித்தவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் சங்கதி இது. ஆனால் இந்தப் படிகள் தட்டச்சு செய்த கட்டளையைப் படித்து ஏற்கும் நிரலுக்குள் மட்டும்தான் இருந்தன. செயலிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நினைவகத்தின் ஏதோ ஒரு மூலையில் 15 என்ற எண் இருக்கிறது. அதை மாற்ற முடிந்தவர் அதிகாரத்தை மாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இதற்குக் கச்சிதமான சான்று 2017-இல் கிடைத்தது. அந்த மார்ச்சில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ-வின் ஆவணங்களை விக்கிலீக்ஸ் 'வால்ட் 7' என்ற பெயரில் வெளியிட்டது. அவற்றைச் சலித்துப் பார்த்த சிஸ்கோ, தன் 300-க்கும் மேற்பட்ட சுவிட்ச் மாடல்களில் ஓர் ஓட்டை இருப்பதை உணர்ந்தது. சுவிட்சுகள் கூட்டமாக இயங்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள, தொலைவிலிருந்து கட்டளை தரப் பயன்படும் டெல்நெட் நெறிமுறையில் சில தனி விருப்பத்தேர்வுகளைச் சேர்த்திருந்தார்கள். அவை கூட்டத்துக்குள் இருக்கும் சுவிட்சுகளிடமிருந்து மட்டுமே வர வேண்டியவை. சுவிட்சோ அவற்றை டெல்நெட்டில் வரும் யாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டது. வந்த சரத்தின் நீளத்தையும் அது சரிபார்க்கவில்லை. ஒதுக்கிய இடத்துக்கு மிஞ்சிய சரத்தை அனுப்பினால் பக்கத்து நினைவகம் அழிந்து, அனுப்பியவரின் நிரல் ஓடத் தொடங்கும். இந்தப் பயனருக்கு எந்தப் படி என்று பதில் சொல்லும் இடத்தையே மாற்றி, கடவுச்சொல்லே இல்லாமல் வருபவருக்கும் 15 என்று சொல்லவைக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் பிறகு செய்துகாட்டினார்கள்.

இப்போது அந்த அமைப்பு பெரும்பாலும் மாறிவிட்டது. இன்றைய சுவிட்ச் மென்பொருளைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு முழு இயங்குதளம் இருக்கும். சிஸ்கோவின் என்எக்ஸ்-ஓஎஸ், அரிஸ்டாவின் ஈஓஎஸ், மைக்ரோசாஃப்ட் தொடங்கிவைத்த திறந்த மூல சோனிக் ஆகியவை லினக்ஸ் மேல் நிற்கின்றன. ஜூனிப்பரின் ஜூனோஸ் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் வழியில் வந்தது. சிஸ்கோவின் புதிய ஐஓஎஸ் எக்ஸ்இ-யில் பழைய ஐஓஎஸ் மொத்தமும் லினக்ஸில் ஓடும் ஒரு தனி நிரலாகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் தனி நினைவகம் உண்டு; ஒன்று விழுந்தால் மற்றவை விழாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காவல் நிற்கிறது. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

இதில் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. இப்போது பெட்டிக்குள் இரண்டு அதிகார முறைகள் இருக்கின்றன. மேலே, நிர்வாகி பார்க்கும் படிகள். நெக்சஸில் படிகளைவிட 'நெட்வொர்க்-அட்மின்' போன்ற பாத்திரங்களுக்கே முக்கியத்துவம். கீழே, லினக்ஸின் பயனர் எண்கள். அங்கே 0 என்ற எண்ணுக்குரியவர் ரூட்; கெர்னல் அவரை எதற்கும் தடுக்காது. மேல் தளத்தில் 15 என்றால் உச்சம், கீழ்த் தளத்தில் 0 என்றால் உச்சம். ஒருவர் மற்றவராகிவிட முடியாது. சுவிட்சை விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்தின் நிர்வாகிக்கே பல மாடல்களில் கீழ்த் தளத்தின் கதவு மூடியிருக்கும். தயாரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. கண்டதையும் தொட்டுக் கெடுத்துவிட்டு யாராவது உதவி கேட்டு வந்தால் எதை என்று சரிசெய்வது? ஆனால் அந்த மூடிய கதவுதான் உளவாளிகளுக்கு வசதியாகவும் போனது.

கதவு மூடியிருந்தாலும் வேலை நடந்தாக வேண்டும். நிர்வாகி ஒரு கோப்பை நகலெடுக்கச் சொல்கிறார், ஒரு போர்ட்டில் போகும் தரவைப் பிடித்துக் காட்டச் சொல்கிறார். இவை லினக்ஸில் ரூட் அதிகாரம் கேட்கும் வேலைகள். எனவே நடுவே ஒரு பணியாள் நிரல் ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும். மேலிருந்து கட்டளை வந்தால் அதைத் தன் அதிகாரத்தில் நிறைவேற்றித் தரும். கேட்பவரின் அதிகாரம் வேறு, செய்பவரின் அதிகாரம் வேறு என்ற இந்த இடத்தில்தான் அதிகார உயர்வு ஓட்டைகளில் பெரும்பங்கு முளைக்கிறது.

கணினித் துறைக்கு இது புதிதல்ல. நிரலாளர் நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய சிறு கட்டுரையில், கணினி நேரத்தை வாடகைக்கு விட்ட டைம்ஷேர் நிறுவனத்தில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறார். அங்கே ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர், அதாவது அந்த மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், இருந்தது. தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை எழுதிவைப்பதற்காக அதற்கு ஒரு கணினி அடைவில் எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள். அதே அடைவில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்குக் கோப்பும் கிடந்தது. பிழை திருத்தத் தகவலை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று பயனர் கம்பைலருக்குச் சொல்லலாம். ஒரு பயனர் அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். அவருக்கு அந்தக் கோப்பைத் தொட உரிமை இல்லை. ஆனால் கம்பைலருக்கு இருந்தது! அது தயங்காமல் எழுதியது, கணக்கு அழிந்தது. இயங்குதளம் எந்த விதியையும் மீறவில்லை, கம்பைலரும் சொன்னதைத்தான் செய்தது. யாருக்காக எந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறோம் என்ற தெளிவு மட்டும் அதனிடம் இல்லை. ஹார்டி அதைக் 'குழம்பிய பிரதிநிதி' என்றார். சுவிட்சில் ரூட்டாக ஓடும் பணியாள் நிரல் அந்தக் கம்பைலரின் நேர் வாரிசு.

சுவிட்சுகளில் இந்தக் குழப்பம் அதிகம் எடுக்கும் வடிவம் கட்டளைச் செருகல். நிர்வாகி ஒரு கோப்புப் பெயரைத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணியாள் நிரல் அந்தப் பெயரைத் தன் லினக்ஸ் கட்டளையின் வாலில் ஒட்டி, முழுச் சரத்தையும், கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலான ஷெல்லிடம் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்பது இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்பதன் அடையாளம். பெயருக்குள் அரைப்புள்ளியையும் அதன் பின்னால் இன்னொரு கட்டளையையும் வைத்து அனுப்பினால், எது பெயர், எது ஆணை என்று ஷெல்லுக்குத் தெரியப் போவதில்லை. இரண்டையும் ரூட்டாக ஓட்டிவிடும். ஆபத்தான குறிகளைச் சலித்து எடுத்துவிடலாமே என்றால், அரைப்புள்ளியைத் தடுத்தவர் பின்சாய்ந்த மேற்கோளை மறப்பார், அதையும் நினைவில் வைத்தவர் வரி முறிவை மறப்பார். ஷெல்லைக் கூப்பிடாமலேயே நிரலின் பெயரையும் அதற்கான மதிப்புகளையும் தனித்தனியாகக் கெர்னலிடம் கொடுக்கும் வழி யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே எழாது. அப்படியும் தொடர்வதற்குக் காரணம் எண்ணிக்கைதான். பல ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த எண்ணற்ற கட்டளைகளில் ஒன்றே ஒன்றில் சோம்பல் பட்டிருந்தால் போதும்.

சிவிஇ-2024-20399 இந்த ரகம்தான். அமைப்புக் கட்டளைகள் சிலவற்றுக்குத் தரும் மதிப்புகளை நெக்சஸ் சரியாகச் சோதிக்கவில்லை. இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. சில நெக்சஸ் மாடல்களில் நிர்வாகி முறையாகவே லினக்ஸ் ஷெல்லுக்குள் போகும் வசதி இருக்கிறது. அங்கே இந்த ஓட்டை கூடுதல் அதிகாரம் எதையும் தருவதில்லை. ஆனால் முறையான வழியில் போனால் ஒருவர் ஷெல்லைத் திறந்தார் என்று பதிவேட்டில் ஒரு வரி விழும். ஓட்டை வழியாகப் போனால் விழாது. உளவாளி தேடியது அந்த எழுதப்படாத வரியைத்தான். மேல் தளத்தில் அவர் என்ன செய்தாலும் பதிவாகும், இன்னொரு நிர்வாகி கண்ணில் படும். கீழ்த் தளத்தில் அவர் வைக்கும் நிரல் நிலவரம் காட்டும் எந்த 'ஷோ' கட்டளையிலும் தெரியாது. சுவிட்சில் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவவும் வழியில்லை. வெல்வெட் ஆன்ட் அங்கே விட்டுச்சென்ற தீநிரல், தொலைவிலிருந்து கட்டளை வாங்கும் ஒரு கருவியையும் போக்குவரத்தை மறைவாகக் கடத்தும் ஒரு கருவியையும் இணைத்துச் செய்தது. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலக் கருவிகள். என்னைக் கேட்டால், 6.0 என்ற மதிப்பெண் இந்த ஓட்டைக்குச் செய்தது அநியாயம். கிடைக்கும் அதிகாரத்தின் அளவைப் பார்த்த அளவுகோல், அது எவ்வளவு கண்ணுக்குத் தெரியாமல் கிடைக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

இரண்டு தளங்களையும் படிப்படியாகக் கடந்த தாக்குதல் 2023 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வலைப்பக்கத்தில் இருந்த சிவிஇ-2023-20198, கடவுச்சொல் எதுவும் இல்லாமல் 15-ஆம் படிக் கணக்கு ஒன்றை உருவாக்க விட்டது. மதிப்பெண் 10.0, உச்சம். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்குக் கேள்வியே இல்லை. தாக்கியவர்கள் அந்தப் புதிய கணக்கைக் கொண்டு சிவிஇ-2023-20273 என்ற இரண்டாவது ஓட்டையையும் தொட்டு ரூட் ஆனார்கள். அதன் மதிப்பெண் 7.2. பிறகு லுவா மொழியில் எழுதிய ஒரு சிறு தீநிரலைச் சாதனத்துக்குள் வைத்தார்கள். மறுதொடக்கம் செய்தால் தீநிரல் போய்விடும், உருவாக்கிய கணக்கு போகாது. உலகெங்கும் பல்லாயிரம் சாதனங்கள் பாதிக்கப்பட்டதை ஆய்வாளர்கள் வெளியிலிருந்தே எண்ணினார்கள். திடீரென அந்த எண்ணிக்கை சரிந்தது. எல்லோரும் சரிசெய்துவிட்டார்களோ என்று பார்த்தால், தாக்கியவர்கள் தங்கள் தீநிரலைத் திருத்தியிருந்தார்கள். குறிப்பிட்ட ஒரு தலைப்பு வரியோடு வரும் கோரிக்கைக்கு மட்டுமே அது பதில் சொன்னது. எண்ணுபவர்களின் முறையையே முறியடித்துவிட்டார்கள்.

பிரதிநிதியைக் குழப்பாமல் கெர்னலையே ஏமாற்றும் வழியும் உண்டு. 'டர்ட்டி கவ்' என்று பெயர் வாங்கிய ஓட்டை 2007 முதல் லினக்ஸ் கெர்னலில் இருந்து, 2016 அக்டோபரில்தான் அடைபட்டது. கணினியில் கெர்னலைப் புதுப்பிப்பது பொழுது போகாத ஒரு மாலை வேலை. சுவிட்சில் அப்படி இல்லை. தயாரிப்பாளர் புதிய பதிப்பு தர வேண்டும், பெட்டியை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதுவரை அதை நம்பியிருப்பவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆகவே தள்ளிப்போடுவார்கள். 2025 செப்டம்பரில் வந்த சிவிஇ-2025-20352 இன்னொரு திசையைக் காட்டியது. கண்காணிப்புக்கான எஸ்என்எம்பி நெறிமுறையில் இருந்த நினைவக மீறல் அது. குறைந்த அதிகாரம் உள்ளவர் அதைத் தொட்டால் சாதனம் விழுந்து எழும். நிர்வாகியின் சான்றுகள் உள்ளவர் தொட்டால் ரூட்டாக நிரல் ஓட்டலாம்.

பொறியாளர்கள் கையில் உள்ள மருந்துகள் பழையவைதான். பணியாள் நிரலுக்கு முழு ரூட் தராமல் தேவையான துண்டு உரிமைகளை மட்டும் தரும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. தேவைக்கு மேல் அதிகாரம் தராதே என்ற கொள்கையைக் கணினி அறிஞர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். கையொப்பமிட்ட மென்பொருள் மட்டும் துவங்கும் ஏற்பாடு, மறுதொடக்கத்துக்குப் பிறகும் தங்க நினைக்கும் தீநிரலைத் தடுக்கும். சுவிட்சை நடத்துபவர் செய்ய வேண்டியவை இன்னும் எளியவை. பயன்படுத்தாத வலைப்பக்கத்தையும் டெல்நெட்டையும் நிறுத்திவைக்கலாம். மேலாண்மை முகவரிகளைப் பொது வலைப்பின்னலிலிருந்து பிரித்துவைக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் வெளியிலுள்ள சேவையகத்திடம் அனுமதி கேட்கும்படி செய்யலாம். கடைசி ஏற்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு: அது மேல் தளத்துக்கு மட்டுமே பொருந்தும். ரூட் ஆனவரின் கட்டளைகள் அந்தச் சேவையகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கீழ்த் தளம் பறிபோன பெட்டியிடமே 'உனக்கு உடம்பு சரியா?' என்று கேட்பதில் பயனில்லை. பதில் சொல்லும் நிரலையும் ரூட் மாற்றியிருக்கலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் வெளியிலிருந்து பார்க்கிறார்கள். சுவிட்ச் மற்றவர்களின் தரவைக் கடத்தும். தானாக யாருடனும் பேச அதற்குக் காரணங்கள் மிகக் குறைவு. நேரச் சேவையகம், பதிவேட்டுச் சேவையகம், அனுமதிச் சேவையகம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு முகவரிக்கு, சுவிட்சின் சொந்த மேலாண்மை முகவரியிலிருந்து ஒரு இணைப்பு கிளம்புவதைப் பக்கத்திலுள்ள ஃபயர்வால் பதிவு செய்திருந்தால், அந்தப் பெட்டியைக் கழற்றி நினைவகத்தை நகலெடுக்கத் தொடங்குவார்கள். அதில் நிர்வாகியாக உள்நுழைந்து பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.