ஒரு போகியில் இரண்டு பெட்டி

நம்மூரில் ரயில் பெட்டியையே 'போகி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்திருக்கும் சட்டம். வழக்கமாக ஒரு பெட்டிக்கு இரண்டு போகி. சரி, அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகளை ஒரே போகியின் மேல் உட்கார வைத்தால்? மூன்று பெட்டிக்கு ஆறு தேவைப்பட்ட இடத்தில் நான்கு போதும். டன் கணக்கில் எடை குறையும். இரு முனைகளும் ஒரே சுழல்தாங்கியின் மேல் திரும்புவதால் வளைவுகளில் ஆட்டமும் குறையும்.

ஜெர்மானியப் பொறியாளர் யாக்கப்ஸின் பெயரில் வழங்கும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் 'பயனியர் செஃபிர்' ரயில் அருமையான உதாரணம். 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரை சுமார் 1,633 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. 600 குதிரைத்திறன் டீசல் எஞ்சினே அதற்குப் போதுமாயிருந்தது. மூன்று பெட்டியும் சேர்ந்தே 100 டன்னைத் தொடவில்லை.

எடை குறைந்ததில் துருப்பிடிக்காத எஃகுக்கும் பங்குண்டு. அதை அதிக நேரம் சூடாக்கிப் பற்றவைத்தால் துருவைத் தடுக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்து எஃகிலிருந்து பிரிந்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் அரிப்புதான். செஃபிரைக் கட்டிய பட் நிறுவனம் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் மின்சாரம் பாய்ச்சித் தகடுகளை ஒட்டியது. 1960இல் சிகாகோ அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்கு வந்த ரயில், பல வருடம் திறந்தவெளியில் நின்றும் உடல் கெடாமல் தப்பியதற்கு அந்தப் பற்றவைப்பும் ஒரு காரணம் என்பேன்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனமே பிறகு தொல்லையானது. கூட்டம் அதிகமானால் சட்டென்று இன்னொரு பெட்டியைக் கோக்க முடியாது. நடுவிலுள்ள போகியைக் கழற்றப் பக்கத்துப் பெட்டிகள் இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும். ஒரு பெட்டி பழுதானால் மொத்த ரயிலும் பட்டறைக்குப் போகும்.

பழைய ரயில்களைப் பாதுகாப்பவர்களுக்கும் இதே சங்கடம். சாதாரணப் பெட்டி என்றால் ஒன்றை மட்டும் வாங்கி ஷெட்டில் நிறுத்தலாம். இதில் ஒன்றைத் தனியாகப் பிரித்தால் ஒரு பக்கம் நிற்கக் காலே இருக்காது. அதனால் முழுத் தொகுதியாகக் கிடைத்தவையே அதிர்ஷ்டசாலிகள். இங்கிலாந்தில் ரயில் பொறியாளர் நைஜல் கிரெஸ்லியின் வடிவமைப்பில், ஐந்து போகிகள் மேல் நான்கு தேக்குமரப் பெட்டிகளாக 1924இல் உருவான புறநகர்த் தொகுதி ஒன்று நார்த் நார்ஃபோக் ரயில்வேயில் இருக்கிறது. இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தில் அதே செஃபிர் வரிசையில் வந்த 1936ஆம் ஆண்டு ஐந்து பெட்டி ரயில் ஒன்று. பெட்டிகளுக்கு ரோமானியத் தேவதைகளின் பெயர்கள்.

1933இல் பெர்லினிலிருந்து ஹாம்பர்குக்கு 138 நிமிடத்தில் பறந்த 'பறக்கும் ஹாம்பர்கர்' ரயில் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. இரண்டு பெட்டி, மூன்று போகி. இன்று நியூரம்பெர்க் அருங்காட்சியகத்தில் நிற்பது ஓட்டுநர் அறை, எஞ்சின் அறை, பயணிகள் பகுதியில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.