விவாகரத்து: இருவரும் சம்மதித்தால் ஒரு வழி, ஒருவர் மறுத்தால் வேறு வழி

முத்திரைத்தாளில் 'இனி நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல வருடம் பிரிந்திருந்தால் திருமணம் தானாகவே முறிந்துவிடும் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். இந்து திருமணச் சட்டம், 1955-இன் கீழ் வரும் திருமணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பாணை வேண்டும். தங்கள் சமூகத்தில் வழிவழியாக வந்த முறிவு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. அதை நிரூபிப்பது லேசான காரியமில்லை.

சரி, நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது? இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் அது 13பி பிரிவு, 1976-இல் சேர்க்கப்பட்டது. வக்கீல்கள் வாயில் இது 'மியூச்சுவல்'. ஒருவர் மட்டும் காரணம் சொல்லி வழக்குப் போட்டால் 13-வது பிரிவு.

மியூச்சுவலுக்கு, குறைந்தது ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனித்தனி வீடு கட்டாயமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து 'முடிவில் மாற்றமில்லை' என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல என்று 2017-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரச முயற்சியும் தோற்று, பணம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்திருந்தால், காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு.

பலர் சறுக்குவது சட்டத்தில் அல்ல, ஒப்பந்தத்தில். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று எதையும் விட்டுவைக்கக் கூடாது. ஜீவனாம்சம் எவ்வளவு, மொத்தமாகவா தவணையாகவா, நகையும் சீர்ப்பொருளும் யாரிடம், வீட்டுக்கடனை யார் கட்டுவது, குழந்தை யாரிடம் வளரும், மற்றவர் எந்த நாளில் பார்ப்பது, படிப்புச் செலவு யாருடையது என்று ஒவ்வொன்றையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை முதல் கட்டத்திலும் மிச்சத்தை இறுதி நாளில் நீதிமன்றத்திலேயேயும் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வரதட்சணைக் கொடுமை போன்ற குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் அது விவாகரத்தோடு சேர்ந்து முடியாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருவர் மறுத்தால் கதையே வேறு. 'எங்களுக்கு ஒத்துப்போகவில்லை' என்பது 13-வது பிரிவில் ஒரு காரணமே அல்ல. கொடுமை, தகாத உறவு, இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் கைவிட்டது, மதம் மாறியது, ஏழு ஆண்டாகத் தகவலே இல்லாதது என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று சொல்லிப் பிரித்துவைக்கும் தனி அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. குடும்ப நல நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது. திருமணமாகி ஓராண்டுக்குள் வழக்குப் போடவும் தனி அனுமதி வேண்டும்.

நோட்டீஸ், கவுன்சிலிங், பதில் மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடும். கோபத்தில் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனமல்ல. நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். வருமானமில்லாத கணவனும் கேட்கலாம் என்பது பலருக்குப் புதுச் செய்தி. இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனைவி தான் இப்போது வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

பாதி வழியில் சமரச மையத்தில் பேசி, சண்டை வழக்கை மியூச்சுவலாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. என்னைக் கேட்டால், முதல் நாளே அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

சிறப்புத் திருமணச் சட்டத்திலும் சம்மத விவாகரத்துக்கு ஏறக்குறைய இதே விதிதான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டங்கள் வேறு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். சண்டை வழக்கு என்றால் மேல்முறையீட்டுக்கான காலம் முடிய வேண்டும். மேல்முறையீடு போட்டிருந்தால் அதுவும் தள்ளுபடியாக வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இருவர் சம்மதத்தோடு தந்த தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது.