காட்டுக்குள் பழைய ஊர் இருந்த தடம்: வன உரிமை மனுவில் சான்றாக்குவது எப்படி?

தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்கிறவர் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு மனு போட்டால், "பழைய ரேஷன் கார்டு இல்லையா? அப்போ மனு செல்லாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது தவறு. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 தரும் பட்டியலில் இரண்டு சான்றுகள் இருந்தால் போதும். வீடு, குடிசை, கல்வரப்பு, சமப்படுத்திய நிலம், பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பெரியவர்களின் வாக்குமூலமும் உண்டு. எழுத்தில் இருக்க வேண்டும். மனு போட்டவரே சாட்சி சொன்னால் ஏற்க மாட்டார்கள். வேறு வீட்டுப் பெரியவரிடம் வாங்குங்கள்.

"கல்திட்டை (பழங்காலக் கற்பலகைக் கல்லறை) இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அது எவ்வளவு பழமையானாலும் உங்கள் குடும்பத்தோடு இணைய வேண்டும். இடுகாட்டில் யார் புதைக்கப்பட்டார், அவருக்கு நீங்கள் என்ன முறை, எப்போது படையல் வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் ஜிபிஎஸ் அளவும் படமும் சேருங்கள்.

சாகுபடி நிலத்துக்கு 13.12.2005 அன்று அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். உச்சவரம்பு 4 ஹெக்டேர். பழங்குடியினருக்கு 75 ஆண்டுக் கணக்கு (மூன்று தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்ததாகக் காட்டுவது) கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தத் துண்டு நிலத்தையே 75 ஆண்டு வைத்திருந்ததாகக் காட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் காட்டில் வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்டினால் போதும்.

ஊரையே காலி செய்துவிட்டார்களா? 13.12.2005-க்கு முன் சட்டவிரோதமாக, மறுவாழ்வு தராமல் வெளியேற்றப்பட்டிருந்தால் பிரிவு 3(1)(எம்) அதே இடத்திலோ மாற்று நிலத்திலோ மறுவாழ்வு கேட்க உரிமை தருகிறது. இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும் இங்கேதான் பேசும். இடுகாடு, கோயில் மரம், மேய்ச்சல் இடம் ஆகியவற்றைத் தனிமனு ஏ படிவத்தில் திணிக்காதீர்கள்; சமூக உரிமைக்கான பி படிவத்தில் கிராம சபை வழியாகக் கேளுங்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறையும் வருவாய்த்துறையும் வராமல் இழுத்தடிப்பார்கள். கிராம சபை அமைத்த வன உரிமைக் குழு அவர்களை எழுத்தில் அழைத்து, அழைப்புக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைக்கட்டும். அன்று வராமல் இருந்துவிட்டு, பிறகு அதையே காரணமாகச் சொல்லி ஆட்சேபித்தால் மறு ஆய்வு நடக்கும். அதற்கும் வரவில்லை என்றால் ஆய்வில் கிராம சபை எடுத்த முடிவே இறுதி. விதி 12ஏ-வில் உள்ளது இது. நகல் கையில் இருக்கட்டும்.

"ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் நகர வேண்டாம். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்; குழு விரும்பினால் மட்டும் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். வாய்வார்த்தையை நம்பி அலைந்தால் அந்த நாள் ஓடிவிடும். சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை உங்களை வெளியேற்றக் கூடாது: பிரிவு 4(5).