ஜூரியை ‘நடுவர் குழு’ ஆக்காதீர்கள்

தமிழ்க் குரல் கொடுக்கப்பட்ட அமெரிக்க நீதிமன்றத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கறிஞர் எழுந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரைப் பார்த்து, “மதிப்பிற்குரிய நடுவர்களே!” என்றார். பட்டிமன்றம் தொடங்கப்போகிறதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். இது முதல் தடவை அல்ல. செய்தி, சப்டைட்டில், மொழிபெயர்ப்பு நாவல் என்று எங்கே பார்த்தாலும், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்படும் ஜூரி இப்போது ‘நடுவர் குழு’தான்.

சொல்லின் கதை சின்னது. லத்தீனில் ‘யூராரே’ என்றால் சத்தியம் செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஜூரி ஆனது. பொய்ச் சத்தியத்தைச் சொல்லும் ‘பெர்ஜுரி’க்கும் அதே வேர். குழுவுக்குப் பெயர் ஜூரி, அதில் ஒருவர் ஜூரர். நாம் ஆட்களையே ‘ஜூரிகள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது போகட்டும்.

நடுவர் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. மாஜிஸ்திரேட்டைக் குற்றவியல் நடுவர் என்கிறோம். காவிரி வழக்கு போனது நடுவர் மன்றத்துக்கு. கால்பந்தில் விசில் ஊதுபவரும் நடுவரே. இந்தக் கூட்டத்தில் ஜூரரையும் சேர்த்தால், ‘நடுவர்’ யார், ‘நடுவர் குழு’ யார் என்று வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டியதுதான்.

குழப்பத்தைவிடப் பெரிய குறை, பொருளே மாறிப்போவது. நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கொண்டவர், விதி தெரிந்தவர். ஜூரருக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. நடந்தது என்ன என்பதை அவர் முடிவு செய்வார், சட்டம் என்ன என்பதை நீதிபதி சொல்வார். 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்கில், ஜூரி 8-1 என்று ‘குற்றவாளி அல்ல’ என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே தண்டனை விதிக்கப்பட்டது, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதையே ‘நடுவர் குழு விடுதலை செய்தது’ என்று எழுதிப் பாருங்கள். நடுவர் சொன்ன பிறகும் நீதிபதி எப்படி மறுத்தார் என்று படிப்பவர் கேட்கமாட்டாரா?

ஜூரரைக் கட்டுப்படுத்துவது அவர் செய்த சத்தியம். சாட்சியத்தின்படி உண்மையான முடிவைச் சொல்வேன் என்பது அதன் சாரம். அதையொட்டி அவருக்குப் பல தடைகள்: வீட்டில் வழக்கைப் பேசக்கூடாது, குற்றம் நடந்த இடத்தைத் தனியே போய்ப் பார்க்கக்கூடாது, இணையத்தில் தேடக்கூடாது. இங்கிலாந்தில் 2011இல், ஒரு வழக்கில் மற்றவர்களைப் பற்றிய முடிவு வரும் முன்பே, அதில் ஏற்கெனவே விடுதலையான ஒருவரோடு பேஸ்புக்கில் பேசிய ஜூரருக்கு 8 மாதச் சிறை கிடைத்தது. அதே சத்தியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1670இல் லண்டனில், நீதிபதிகள் எதிர்பார்த்த முடிவைச் சொல்ல மறுத்த ஜூரர்களைப் பட்டினி போட்டுப் பூட்டிவைத்தார்கள், அபராதமும் போட்டார்கள். அவர்களில் புஷெல் என்பவர் கட்ட மறுத்து வழக்காடினார். முடிவுக்காக ஜூரரைத் தண்டிக்கக்கூடாது என்பது அப்போது நிலைபெற்றது.

சரி, வேறு தமிழ்ச் சொல்? ‘சான்றாயம்’ என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காதில் விழுவது சாட்சி. வழக்கைப் பற்றி நேரில் தெரிந்தவர் ஜூரராகவே இருக்க முடியாதே! (இடைக்கால இங்கிலாந்தில் விவரம் தெரிந்த அக்கம்பக்கத்தாரைத்தான் ஜூரியாக அழைத்தார்கள் என்பது வேறு வேடிக்கை.) ‘அறங்கூறாயம்’ என்பது மதுரைக்காஞ்சியின் ‘அறங்கூறவைய’த்தை நினைவூட்டுகிறது. அது நீதிமன்றம், ஜூரி அல்ல.

தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் நான் ‘சூளாயம்’ என்பேன். சூள் என்றால் சத்தியம், ஆயம் என்றால் கூட்டம். ஜூரர் ‘சூளாயர்’. வேர்ப்பொருள் அப்படியே கிடைக்கிறது. ஆனாலும் செய்தியில் ஜூரி என்றே எழுதினால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தாத்தா காலத்திலிருந்து புழங்கும் சொல்லை விரட்டிவிட்டுத் தப்பான சொல்லைக் குடிவைப்பதுதான் எரிச்சல்.

அப்புறம் இன்னொன்று. ஒத்த முடிவுக்கு வராத ஜூரியை ஆங்கிலத்தில் ‘ஹங் ஜூரி’ என்பார்கள். அந்தத் தொடரின் கடைசிக் காட்சியில் அது ‘தொங்கும் நடுவர்கள்’ என்று வந்தது. பன்னிரண்டு பேரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.